மூன்றாம் டப்பாவில் ஒன்று குறைவு

என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘பித்தளை வேலை’ என்று சொல்லிவிடுவேன். குத்துவிளக்கு, குடம், கோயில் மணி என்று அவர்களாகவே ஒன்றை நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும். துப்பாக்கி என்ற சொல்லை இப்போதெல்லாம் யாங்கோனில் வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கும் பிடிப்பதில்லை, அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன் என்றாலும்.

நகரத்துக்கு வடக்கே, ஷ்வேப்யிதா போகும் பஸ் பாதையில், மதில் சுவருக்குள் ஒரு பழைய சுடுகளம் இருக்கிறது. குறிபார்த்துச் சுடும் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் அங்கே வருவார்கள். அனுமதிச் சீட்டு, காவல், கையெழுத்து எல்லாம் முறையாக உண்டு. சுட்டு முடித்ததும் குண்டு மண்மேட்டுக்குள் போய்விடும், மருந்து எரிந்துவிடும், பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். விரல் நீளம் இருக்கும். அதைப் பொறுக்கி, துடைத்து, ஊதிப்போன உடம்பை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் மருந்தும் குண்டும் வைத்துச் சுடலாம். மருந்து வைப்பது சயாவின் வேலை. சயா என்றால் எங்கள் களத்தின் பொறுப்பாளர், பர்மியர், எழுபதை நெருங்குகிறவர். பூட்டிய அறையில் அவர் ஒருவர்தான் அதைச் செய்வார். இறுக்குவதும் பிரிப்பதும் என் வேலை. பதினோரு வருஷமாக.

எங்களிடம் நான்கு துப்பாக்கிகள். ஒரே அளவுத் தோட்டா போடுகிறவைதான், ஆனால் நான்கும் நான்கு வீட்டுப் பிள்ளைகள். தோட்டா உட்காரும் அறை ஒன்றில் இறுக்கமாக இருக்கும், இன்னொன்றில் தளர்வாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான். சுடும்போது பித்தளை ஊதி, அந்த அறையின் வடிவத்துக்கே வந்துவிடும். அதனால் ஒரு துப்பாக்கியில் சுட்ட கூட்டுக்குக் கழுத்தை மட்டும் லேசாக இறுக்கிக் கொடுத்தால் அதே துப்பாக்கிக்குள் சொன்னபடி கேட்டு உட்காரும். பக்கத்துத் துப்பாக்கியில் போட்டால் பாதியில் நின்று அடம்பிடிக்கும். அதற்காகத்தான் நான்கு பிஸ்கட் டப்பாக்கள், டப்பாவுக்கு நூறு கூடுகள். மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நானே பெயிண்டில் எழுதியது.

முதல் எட்டு ஒன்பது வருஷம் இந்த ஏற்பாட்டிலேயே வண்டி ஓடியது. பிறகு வெளியிலிருந்து புதுக் கூடு வருவது நின்றுபோனது. இருக்கிற நானூறு கூடுதான் இனிமேல், எந்தக் கூடும் எந்தத் துப்பாக்கிக்கும் போகவேண்டும், ஒன்று ரிப்பேரில் கிடந்தாலும் அதன் டப்பா சும்மா கிடக்கக்கூடாது என்று சயா சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். அதற்கு ஒவ்வொரு கூட்டையும் கழுத்திலிருந்து அடிவரை முழுசாக இறுக்கவேண்டும், நான்கில் மிக இறுக்கமான ஒன்றாம் நம்பருக்குப் பொருந்துகிற அளவுக்கு. கழுத்து மட்டும் என்றால் இறுக்கும் இயந்திரத்தின் கைப்பிடியை இரண்டு விரலால் இழுத்துவிடலாம். முழு உடம்பு என்றால் தோளிலிருந்து இழுக்கவேண்டும். மூன்றாம் நம்பரில் சுட்டதுதான் இருப்பதிலேயே மோசம். அதன் அறை தளர்ந்தது, கூடுகள் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த மாதிரி ஊதிப்போய் வரும். அவற்றை இரண்டு தடவை இழுக்கவேண்டும். எது எதிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எத்தனை இழுப்பு என்று தெரியும் என்பதால், நான்கு டப்பாக்களும் அப்படியே நின்றன, வேலை மட்டும் நாலு மடங்கு ஆனது.

என் வலது தோள் அந்த வருஷத்திலிருந்து என் பேச்சைக் கேட்பதில்லை. சட்டை போட மனைவி கைகொடுக்க வேண்டும். மின்சாரம் ஒருநாள் இருக்கும், இரண்டுநாள் இருக்காது. மின்விசிறி நின்றுவிடும். ஆனால் என் இயந்திரத்துக்கு மின்சாரம் தேவையில்லை, நான் ஒருவன் போதும், அதனால் எனக்கு மட்டும் லீவு கிடையாது.

வீடு டாலாவில். காலையில் ஃபெரி ஏறி ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, களத்துக்கு வர இரண்டு மணிநேரம் ஆகும். சாயங்காலம் அதே இரண்டு மணிநேரம். களத்துக்குப் பக்கத்தில் வீடு பாரேன் என்று சயா பலதடவை சொல்லியிருக்கிறார். டாலாவில் என் வீட்டுக் கூரை என்னுடையது. அந்தப் பக்கத்தில் கூரைக்கு நான் எங்கே போவது? அவருக்கு அது புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

என்னோடு வேலை பார்த்தவளைத் தங்கச்சி என்றே கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை. கியாக்தான்காரி, நாற்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. அம்மா அங்கே படகுத்துறை ஓரமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். இவள் ஷ்வேப்யிதாவில் ஒரு அறை எடுத்துத் தங்கி களத்துக்கு வந்துபோனாள். தமிழ் பேசினால் பாதியில் பர்மியில் விழுவாள், பர்மி பேசினால் திடீரென்று தமிழில் எழுவாள். கூடுகளைத் துடைப்பதும், ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் வளைத்த கம்பியை விட்டு அடிப்பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அவள் வேலை. அடிக்கடி இறுக்கினால் பித்தளை அந்த இடத்தில் மெலிந்துபோகும். மெலிந்த கூட்டைச் சுட்டால் சுடுகிறவன் முகத்துக்கு ஆபத்து. அவள் விரலுக்குத் தப்பி ஒரு கூடு போய் நான் பார்த்ததில்லை. நான் மூக்குக்கண்ணாடியோடு கோட்டைவிட்டதை அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டே கண்டுபிடிப்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

சாயங்காலம் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவள்தான். நாட்டில் சண்டையும் சோதனையுமாகக் காலம் இப்படி ஆனபிறகு சுட்ட கூடுகூட ஒன்று வெளியே போகக்கூடாது. எழுதிய கணக்கும் டப்பாவும் ஒத்துப்போகவில்லை என்றால் மேலே இருந்து கேள்வி வரும், களத்துக்கே பூட்டு விழும். அதனால் விதி என்னவென்றால், நான் ஒருதடவை எண்ணவேண்டும், அவள் ஒருதடவை எண்ணவேண்டும், இரண்டும் ஒன்றாக இருந்தால் அவள் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு.

நானூறு கூட்டை இரண்டாம் தடவை எண்ண அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி போனால் எனக்கு ஐந்தரை ஃபெரி போய்விடும். அடுத்ததற்கு நின்றால் வீடு சேர எட்டாகும். முதல் மாதம் பொறுத்துப் பார்த்தேன். இரண்டாம் மாதம் அவளே சொன்னாள்.

“அண்ணே, நீங்க எண்ணுனா நான் எண்ணுன மாதிரிதான். நீங்க போங்க, ஃபெரி போயிரும். நான் எழுதிக்கிறேன்.”

“விதின்னு ஒண்ணு இருக்கே தங்கச்சி.”

“விதிக்கா தோள் வலிக்குது? உங்களுக்குத்தானே வலிக்குது. யாபாதே.”

யாபாதே என்றால் பர்மியில் பரவாயில்லை. இந்த ஊரில் பாதிக் காரியம் அந்தச் சொல்லில்தான் நடக்கும். அன்றிலிருந்து என் வாய்க்கணக்கை நம்பி அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வருஷம் ஒரு கூடு தப்பவில்லை. நானும் ஒழுங்காகத்தான் எண்ணினேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். எங்கள் மேஜை சின்னது. இறுக்காதது ஒரு பக்கம், இறுக்கியது ஒரு பக்கம், நடுவில் இயந்திரம். இறுக்கிய கூட்டை அளவுக்குழலுக்குள் போட்டுப் பார்ப்பேன். முழுசாக உள்ளே போனால் நல்லது, தலை நீட்டிக்கொண்டு நின்றால் மறுபடி இழுக்கவேண்டும். இரண்டிலும் சேராமல், போன மாதிரியும் போகாத மாதிரியும் சில நிற்கும். அந்தச் சந்தேகக் கேஸ்களை மேஜையில் வைத்தால் எதோடாவது கலந்துவிடும். அதனால் லோன்ஜியின், அதாவது கைலியின், இடுப்பு முடிச்சுக்குள் செருகிக்கொள்வேன். இந்த ஊரில் எல்லா ஆண்களும் பணப்பை, போன், வெற்றிலை எல்லாவற்றையும் இடுப்பில்தான் செருகுவார்கள், அது எங்களுக்கு இன்னொரு கை. எல்லாம் முடிந்தபின் அவற்றை எடுத்து, சயா வந்து பார்க்க, அவர் சொல்கிறபடி செய்வேன். “அண்ணே மடியில என்ன, குட்டியா?” என்று தங்கச்சி கேலி செய்வாள்.

மழைக்காலம் தொடங்கின வாரம் அது. ஒரு போட்டிக்காக மூன்று நாளாகத் தொடர்ந்து சுட்டார்கள், அத்தனையும் மூன்றாம் நம்பரில். மற்ற மூன்று டப்பாக்கள் தொடாமலே இருந்தன. காலையிலிருந்து ஊதிப்போன நூறு கூடுகளை இழுத்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்று மணி சுமாருக்கு ஒரு கூடு அளவுக்குழலில் சந்தேகமாக நின்றது. எடுத்து இடுப்பில் செருகினேன். சயாவுக்கு அன்று பல்வலி, சீக்கிரமே கிளம்பியிருந்தார். நாளைக்குக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணினேன். மூன்றாம் டப்பாவில் தொண்ணூற்றொன்பது. மடியில் ஒன்று. ஆக நூறு. மற்ற மூன்றும் நூறு நூறு.

“நாலும் சரி தங்கச்சி. நானூறு.”

“சரிண்ணே. கிளம்புங்க. மழை வருது.”

கணக்கில் தப்பில்லை, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்கமுடியவில்லை. எண்ணிக்கை சரி. மடியிலிருந்து எடுத்து டப்பாவில் போடவேண்டிய ஒரு கையசைவைத்தான் செய்யவில்லை. எண்ணி முடித்ததும் மனசு வீட்டுக்குப் போய்விட்டது, உடம்பு பின்னால் போனது.

வாசலில் காவலாளி என் பையைப் பார்த்தார், சோற்றுக் கேரியரைத் திறந்து மூடினார், சட்டைப் பையைத் தட்டினார். பத்து வருஷப் பழக்கம். இடுப்பில் கைவைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, வைத்திருந்தால் நான் இதை எழுதவேண்டியிருக்காது. பஸ்ஸில் உட்கார இடமில்லை. இரண்டு கையும் கம்பியில். ஃபெரியில் ஏறினபிறகுதான் லோன்ஜியைச் சரியாகக் கட்டிக்கொள்ளலாம் என்று ஓரமாக எழுந்து நின்று முடிச்சைத் தளர்த்தினேன். விரலில் குளிர்ச்சியாக எதுவோ பட்டது.

முதலில் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பி என்றுதான் நினைத்தேன். பிறகு வாய் விளிம்பு விரலில் பட்டது. முடிச்சை ஒரு கையால் இறுக்கி, கூட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கட்டை விரல் எடைகூட இல்லாத பொருள் அது. டாலா துறையில் இறங்கும் இடத்தில் சில நாள் சோதனை போடுவார்கள். பையைத் திறக்கச் சொல்வார்கள், சில நாள் உடம்பையும் தடவுவார்கள். எங்கள் தெருவில் ஒருவனை, பையில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, துறையிலிருந்தே கூட்டிப்போனார்கள். எட்டு மாதம் கழித்து வந்தான். வந்தவன் இப்போது வாசலில் உட்கார்ந்தே இருக்கிறான், யாரோடும் பேசுவதில்லை. தோட்டாக்கூடு எப்படி உன் இடுப்புக்கு வந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? களத்தில் வேலை பார்க்கிறேன் என்றால் அதைத் திருடினாயா, யாருக்குக் கொடுக்கப்போகிறாய் என்பார்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பும்படியாக இல்லை.

தங்கச்சிக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். போனைக் கையில் எடுத்தும்விட்டேன். சுற்றிலும் ஆட்கள், முழங்கையோடு முழங்கை. என்னவென்று பேசுவது? பாதி ஆறு தாண்டியாகிவிட்டது. அவள் அறைக்குப் போயிருப்பாள், நோட்டில் கையெழுத்துப் போட்டாகியிருக்கும். காலையில் நான் இதைத் திரும்பக் கொண்டுபோய் டப்பாவில் போட்டுவிட்டால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். அதற்கு இன்று துறையில் ஒருதடவை, நாளை துறையில் ஒருதடவை, களத்து வாசலில் ஒருதடவை தப்பவேண்டும். இல்லையென்றால் இப்போதே கையை வெளியே நீட்டி விரலைத் திறந்தால் போதும், நான் வீட்டுக்குப் போய்விடலாம்.

இரண்டையும் நான் நன்றாகத்தான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கையெழுத்துப் போட்டவள் அவள் என்பது எனக்கு அந்த நிமிஷம் தெரியும். துறை விளக்குகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் கம்பி ஓரமாகச் சாய்ந்து, எச்சில் துப்புகிற மாதிரி குனிந்து, அதை ஆற்றில் விட்டேன். சத்தம்கூடக் கேட்கவில்லை.

துறையில் அன்று சோதனையே இல்லை. மழைக்குப் பயந்து இரண்டு பேர் கூரைக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி வீட்டுக்குப் போனேன். மனைவி ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். தோள்வலி என்றேன். வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். அவளிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் மறைத்தது அதற்குமுன் ஒரு சிகரெட் பழக்கம் மட்டும்தான்.

மறுநாள் சயா வந்ததும் வராததுமாக, மாதக் கடைசி, மேலே கணக்கு அனுப்பவேண்டும், எல்லாவற்றையும் எண்ணிவிடலாம் என்றார். கன்னம் வீங்கியிருந்தது. நான்கு டப்பாக்களையும் ஒவ்வொன்றாக மேஜையில் கொட்டி, பத்துப் பத்தாக அவரே எண்ணினார். மூன்றாம் டப்பாவில் ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் குறைந்தது. நோட்டைத் திறந்து தங்கச்சியின் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

“நேத்து எண்ணினீங்களா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் பேசியிருப்பேன் என்று எனக்கு நானே பலதடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

“எண்ணுனேன் சயா,” என்றாள். “சரியாத்தான் இருந்துச்சு.”

என் வாய்க்கணக்கு என்று சொன்னால் நாங்கள் இரண்டு வருஷமாக விதியை மீறியது வெளியே வரும், என் வேலை போகும் என்று அவள் நினைத்திருக்கவேண்டும். எனக்காகத்தான் பொய் சொன்னாள். 

கூடு எங்கும் போயிருக்காது, சுடுகிற இடத்தில் மண்ணுக்குள் இருக்கும், தேடுங்கள் என்றார் சயா. சல்லடை எடுத்தோம். மழை விட்டு வெயில் அடித்தது, மண் களியாக இருந்தது. அவள் அள்ளிப் போட, நான் சலித்தேன். ஈர மண் சல்லடையில் இறங்காது, கையால் தேய்த்துத் தேய்த்து இறக்கவேண்டும். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். ஆற்றின் அடியில் கிடக்கிற ஒரு பொருளை நான் பகல் முழுக்க மண்ணில் தேடினேன். அவ்வப்போது குனிந்து ஏதாவது ஒரு கல்லை எடுத்து உற்றுப் பார்த்தேன். தேடுகிறவன் அப்படித்தானே செய்வான்? என்னைப்போல ஒரு நடிகனை அந்தக் களம் கண்டிருக்காது. இதை எழுதும்போதே காறித் துப்பத் தோன்றுகிறது.

மதியம் தாண்டி அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் பக்கம் வந்தாள். சல்லடையை என் கையிலிருந்து வாங்கினாள்.

“நீங்க நிழல்ல உட்காருங்கண்ணே. தோள நீங்க பிடிக்கிறதப் பாத்தா எனக்கு வலிக்குது.”

“நான் பாத்துக்கிறேன் தங்கச்சி.”

“என் கையெழுத்துக்கு நீங்க ஏன் வெயில்ல சாவணும்? போங்க. தண்ணி குடிங்க.”

நான் போய் நிழலில் உட்கார்ந்தேன். ஆமாம், போய் உட்கார்ந்தேன். தண்ணீரும் குடித்தேன். அவள் தனியாக நாலரை வரை சலித்தாள்.

ஐந்து மணிக்குச் சயா அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். மேலே அனுப்புகிற தாளில் ஒன்று குறைவு என்று எழுதினால் யாரால் என்று ஒரு பெயர் எழுதவேண்டும், நடவடிக்கை என்ன என்றும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் களத்தையே மூடிவிடுவார்கள் என்றார். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார். கூடு கிடைத்துவிட்டால் அன்றைக்கே திரும்ப வரலாம், இடம் அவளுக்காகக் காலியாகவே இருக்கும் என்றும் சொன்னார். அவள் தன் டம்ளரையும், கம்பி விட்டுத் தடவும் வேலைக்கு விரலில் சுற்றும் துணியையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் காவலாளி அவள் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார். இடுப்பையும் பார்க்கச் சொல்லி உள்ளேயிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் இறுக்குவதும் நான்தான், கம்பி விட்டுத் தடவுவதும் நான்தான், கையெழுத்தும் நான்தான். இப்போது இரண்டுதடவை எண்ணுகிறேன். ஐந்தரை ஃபெரி பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கம்பியால் தடவும்போது பள்ளம் இருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை, அதனால் சந்தேகம் வந்தாலே ஓரம்கட்டிவிடுகிறேன். நானூறில் சுடத் தகுந்தது முந்நூற்றுச் சொச்சமாகிவிட்டது. இடுப்பில் எதையும் செருகுவதில்லை.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முதல்நாள் பயம். இரண்டாம் நாள் நேற்றே சொல்லாதது ஒரு காரணமானது. மூன்றாம் நாள் நேற்றும் முந்தாநாளும் சேர்ந்துகொண்டன. அது அப்படியே ஏறிக்கொண்டு போயிற்று. ஆற்றில் போட்டேன் என்று சொன்னால் கூடு கிடைக்கப்போவதில்லை, அவளுக்கு வேலையும் வராது, நான் மட்டும் உள்ளே போவேன் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அது ஓட்டை சமாதானம். தப்பு அவளுடையது இல்லை என்றாவது ஆகியிருக்கும்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல், ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் சைக்கா வந்து நின்றது. தங்கச்சி. ஷ்வேப்யிதாவில் ஒரு துணித் தொழிற்சாலையில் இருக்கிறாளாம், நாள் முழுக்க நின்றுகொண்டே நூல் வெட்டவேண்டுமாம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கிடைக்கிற ஒரு நாள் லீவில் இரண்டு பஸ்ஸும் ஃபெரியும் மாறி, பழைய காவலாளி சொல்லிக் கேள்விப்பட்டு, தூக்கில் மோஹிங்கா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். குழம்பு தனியாக, சேமியா தனியாக, எலுமிச்சை தனியாக. மனைவி அவளை உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

கொஞ்சநேரம் தோள்வலி, விலைவாசி, அவள் அம்மாவின் கடை என்று பேசினோம். மனைவி அடுப்படிக்குப் போனதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அண்ணே, அந்த ஒண்ணு எங்கதான் போயிருக்கும்? நிக்கிறப்பல்லாம் அதத்தான் நெனைக்கிறேன்.”

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். இப்போது சொல் என்று எனக்குள்ளே ஒன்று சொன்னது, அதை நான் தெளிவாகக் கேட்டேன்.

“மண்ணுக்குள்ளதான் இருக்கும்,” என்றேன். “சுடுற இடத்துல ஆழமாப் போயிருக்கும்.”

அவள் தலையாட்டினாள். முகத்தில் ஒரு தெம்பு வந்த மாதிரி இருந்தது. தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிச் சொன்னாள்.

“அப்ப என்னைக்காச்சும் கெடைச்சிரும். மழையில மண்ணு கரையும்ல. கெடைச்சதும் எனக்கு ஒரு போன் போடுங்கண்ணே, அன்னைக்கே வந்திர்றேன்.”